முதல் அறைக்காகக் காத்திருந்தவர்கள்

மற்றவர்கள் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். என் அம்மாவே நம்பவில்லை. "கிளினிக்ல சும்மா உக்காந்திருக்கவா உன்னைப் படிக்க வச்சோம்?" என்று கேட்டார். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர் வேலை எனக்கு. எங்கள் ஆய்வுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. வாசித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். சுருக்கமாகச் சொன்னால், சர்க்கரை, இரத்த அழுத்தம், புண், காய்ச்சல் என்று அரசாங்க கிளினிக்குக்கு வருகிறவர்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த ஊருக்கு எத்தனை மிஸிகளைப் போட்டால் அது குறையும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நர்ஸை எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் சொல்வோம். வயதானவர்களிடம் வேறு எந்தச் சொல்லைச் சொன்னாலும் யாரைச் சொல்கிறோம் என்று திருப்பிக் கேட்பார்கள்.

எனக்கு ஒதுக்கியது கூலாய் பக்கம் ஒரு கிளினிக். அங்கே என் அண்ணிதான் மிஸி. இது சரிவராது என்று நினைத்து எங்கள் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். ஜொகூர் பாருவில் மூன்று தலைமுறையாக அரசாங்க வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்மணி அவர், எதற்கும் பதறமாட்டார். "கூலாயில உனக்குச் சொந்தக்காரங்க இல்லாத கிளினிக்கை நான் எங்க போய்த் தேடுறது?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அண்ணியும் நானும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அம்மா, அண்ணன், அண்ணி, நான். காலையில் அண்ணியின் காரிலேயே போய் இறங்குவேன். பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அண்ணி வாயில் வராத வார்த்தை வரும். கிளினிக் வாசலில் இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாந்தமான மிஸி ஆகிவிடுவார். அந்த மாற்றத்தைப் பார்த்து நான் சிரிக்காத நாள் இல்லை.

புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கு அங்கே இரண்டு அறைகள். முதல் அறையில் அண்ணி. மூன்றாவது அறையில் ஒரு மலாய்க்கார மிஸி, இளம்பெண், பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல எல்லாருடைய காலையும் தூக்குவாள். இரண்டுக்கும் நடுவில் டாக்டர். வருகிறவர்கள் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் ஒரு எண் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். திரையில் எண்ணும் அறையும் வரும், எழுந்து போக வேண்டும். பெயர் கேட்பதெல்லாம் அறைக்குள் போன பிறகுதான். நான் சுவரோரமாக டேப்லெட்டோடு உட்கார்ந்து, யார் எப்போது வந்தார்கள், எந்த எண், எப்போது உள்ளே போனார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதிவு செய்வேன்.

முதல் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. மற்ற எல்லாரையும்விட வயதான தமிழர்கள்தான் அதிக நேரம் காத்திருந்தார்கள். "பாத்தியா? எங்க போனாலும் நம்ம ஆளுங்கதான் கடைசி" என்றார். எனக்கும் இரத்தம் கொதித்தது. ஆனால் கணக்கில் வேறு சில கோளாறுகளும் இருந்தன. ஆறாத கால் புண்ணோடு காலையிலேயே வந்த ஒரு அம்மாவின் எண்ணில், சுண்டு விரலில் கத்தி பட்ட ஒரு சீன அங்கிள் உள்ளே போயிருந்தார். கைக்குழந்தைக்காரியின் எண்ணில் ஒரு தாத்தா. நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் டேப்லெட்டை மடியில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்தேன். அந்தக் கால் புண் அம்மா எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். இப்போது சேனாய் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் துப்புரவு வேலை. மடியில் ஒரு பாட்டில் தே ஓ. அதாவது பால் இல்லாத டீ. அதில் சீனி இல்லை என்று அண்ணியிடம் சாதிப்பார். திரையில் அவர் எண் வந்தது, மூன்றாவது அறை என்று. அவர் எழவில்லை. பக்கத்தில் இருந்தவரின் கையைத் தட்டி, தன் சீட்டை நீட்டி, அவருடைய சீட்டை வாங்கிக்கொண்டார். அந்த மனிதருக்கு வாயெல்லாம் பல். அடுத்து வந்ததும் மூன்றாவது அறைதான். அதையும் இன்னொருவருக்கு மாற்றினார். சுற்றிப் பார்த்தால் நம்மவர்கள் பாதிப் பேர் இதையே செய்துகொண்டிருந்தார்கள், யாரும் யாரிடமும் விளக்கம் கேட்காமல்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏம்மா குடுத்தீங்க? உங்க நம்பர்தானே?"

"பாவம், அவருக்கு அவசரம்."

"உங்களுக்கு அவசரம் இல்லையா?"

"எனக்கு என்னா அவசரம்? ஒரு நாள் லீவுக்கு எம்.சி. குடுத்துருவாங்க" என்று பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். அதற்கு மேல் அவர் வாயைக் கிளற முடியவில்லை.

சாயந்தரம் காரில் அண்ணியிடம் கேட்டேன். அண்ணிக்கு இது புதுச் செய்தியே இல்லை.

"முதல் ரூமுக்காகத்தான் உக்காந்திருக்காங்க. நானும் சொல்லிப் பாத்துட்டேன், கேட்டாத்தானே."

"மலாய் பேச வராதா அவங்களுக்கு?"

"அந்தம்மாவுக்கா? அலமாக்! தோட்டத்துல வேலை வாங்குற மண்டோரையே மலாய்ல வெளுத்து வாங்கினவங்க. பேச்சு வேற, புண்ணு வேறடி. அந்த ரூமுல போயி 'சக்கித்'னு ஒரு வார்த்தையில வலியை முடிச்சிட்டு வந்துருவாங்க. எங்கிட்ட வந்தா, 'ராத்திரி குடையுது மிஸி, விடியக்காலம் எரியுது, இப்ப மதமதன்னு கெடக்கு, ஆணி குத்தினாலும் தெரியாது'ன்னு கதை கதையா சொல்லுவாங்க. எனக்கு அந்தக் கதை வேணும். அதை வச்சுத்தான் நான் கட்டே போடுறேன்."

நான் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆள் இல்லாததால காத்திருக்கிறதும், ஆள் இருக்கிறதால காத்திருக்கிறதும் நம்ம கணக்குல ஒண்ணாத்தான் விழுது, இல்லையா?" என்றார். பிறகு, அதை எப்படிப் பிரித்து எழுதுவது என்று யோசிக்கும் வரை தொடர்ந்து உட்காரச் சொல்லி அனுப்பினார். நான் தொடர்ந்து உட்கார்ந்தேன்.

மழைக்காலம் தொடங்கியபோது ஆய்வின் இரண்டாம் பகுதி வந்தது. மிஸிகள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்ற பகுதி. ஜொகூரில் இதைக் கேட்கவே வேண்டாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் தெரிகிறது, போகிறார்கள். ஆனாலும் ஆய்வு என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அண்ணியைப் பிடிக்க எனக்குக் கிடைத்த இடம் சமையலறை. நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வேலையை விட்டுப் போக நினைப்பதுண்டா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி. மூணுல ஒண்ணு சொல்லுங்க அண்ணி."

"எண்ணெய் தெறிக்குது, தள்ளி நில்லு."

"அது மூணுலயும் இல்லையே."

அண்ணி அடுப்பைக் குறைத்தார். நெத்திலியை வடித்துத் தட்டில் கொட்டினார். "சிங்கப்பூர்லேருந்து கூப்பிட்டிருக்காங்க" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "பெரிய ஆஸ்பத்திரி. புண்ணுக்குன்னே தனியா ஒரு பிரிவு வச்சிருக்காங்களாம். என்னை அதையே படிக்க வைக்கிறாங்களாம்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணப் புகைப்படத்தில்கூட அவர் அப்படி இல்லை. இத்தனை வருடமாக ஒரே அறையில் ஒரே மருந்துத் தட்டை வைத்துக்கொண்டு புண்களோடு மல்லுக்கட்டியவர். புது மருந்து பற்றி எங்கேயாவது படித்துவிட்டு, வாங்கித் தரச் சொல்லிக் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்தவர். யாராவது தனக்கு அதைக் கற்றுத்தருவார்களா என்ற ஏக்கம் அவருக்குள் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதல் அறைக்காகச் சீட்டு மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். போகாதீர்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"என்ன பதில் சொன்னீங்க?"

"அந்தம்மா கால் ஆறட்டும். ஆறினதும் சொல்றேன்."

வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தான். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிங்கப்பூரில் அவன் பார்க்கும் வேலைக்கு விடியும் முன்பே மோட்டாரில் கிளம்ப வேண்டும். பல நாள் அவன் திரும்பி வரும்போது அண்ணி தூங்கியிருப்பார், அண்ணி எழும்போது அவன் போயிருப்பான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு போனில் பேசிக்கொள்கிற புருஷன் பெண்டாட்டியை நான் அங்கேதான் பார்த்தேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அண்ணியும் அங்கே வந்துவிட்டால் வார நாள்களில் அந்தப் பக்கமே ஒரு அறை எடுத்துக்கொள்ளலாம், மழையில் அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டாம், இரவுச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிடலாம். அவன் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

"யாரோ ஒருத்தங்க கால் ஆறணும்னு நாம காத்திருக்கணுமா?" என்று கேட்டான்.

"யாரோ இல்ல" என்றார் அண்ணி.

அவன் போய் மழைக்கோட்டைக் காயப் போட்டான். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த அம்மாவின் காலைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லாரும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அம்மா கேட்பார், "இன்னைக்கு எப்படி இருக்காம்?" அண்ணன் கேட்க மாட்டான், ஆனால் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், செருப்பைத் துளைத்த ஆணி ஒன்று உண்டாக்கிய புண். குத்தியதே தெரியாமல் ஒரு நாள் முழுக்க அதோடு நடந்து கேன்டீனைக் கழுவியிருக்கிறார். கவனிக்காமல் விட்டால் விரலை எடுக்க வேண்டி வரும், அதற்கு மேலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி அதை மாதக்கணக்காகச் சுத்தம் செய்து கட்டி, ஓரத்திலிருந்து உள்நோக்கி மூட வைத்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு முன்பு கிட்டத்தட்ட மூடிவிட்டது. அண்ணன் அன்று கடையிலிருந்து எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கி வந்தான், காரணம் சொல்லாமல்.

தீபாவளி முடிந்து வந்தபோது புண் மறுபடி வாய் திறந்திருந்தது. ஓவர்டைம் பார்த்திருக்கிறார், ஈரத் தரையில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. முதல் அறையின் கதவு அன்று சரியாகச் சாத்தவில்லை. காத்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அண்ணியின் குரல் கேட்டது.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பூட்ஸ் போடாதீங்கன்னு? இது யாரு காலு? உங்க காலா, என் காலா?"

"உன் காலுதான் மிஸி" என்றார் அந்த அம்மா. "நான் சும்மா மாட்டிக்கிட்டு நடக்கறேன்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். உள்ளே அண்ணியும் சிரித்திருக்க வேண்டும். அத்தோடு திட்டு நின்றது. அன்று இரவு சிங்கப்பூரிலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்திருப்பதாக அண்ணன் சொன்னான். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதென்றால் அண்ணிக்கு ஆகாது, அதனால் அந்தப் போக்குவரத்தெல்லாம் அவன் பொறுப்பு. இன்னும் சில நாள்களில் முடிவு சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். அண்ணி காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி துணி மடித்தார். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தார்.

கிளினிக்கில் ஒரு விஷயம் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது நடக்காத காரியம். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த வாரமே காத்திருக்கும் வரிசைக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "போயிருவீங்களா மிஸி?" என்று கேட்டுக்கொண்டே காலை நீட்டினார்கள். ஒருவர் கொய்யாப்பழம் கொண்டு வந்தார், ஒருவர் முறுக்கு. அங்கே போனால் வாடகை அதிகம், காற்று சரியில்லை, மனிதர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று ஒரு முறைகூட எல்லை தாண்டாத ஒருவர் விளக்கம் கொடுத்தார். அண்ணி எல்லாவற்றுக்கும் "பாக்கலாம்லா" என்றார். கொய்யாப்பழத்தைக் காரில் வைத்துவிட்டு வீட்டுக்குள் எடுத்துவரவே மறந்தார். கார் முழுக்க அந்த வாசனை. எனக்கு அவர்கள்மேல் கோபமும் வந்தது, அவர்களோடு சேர்ந்து கெஞ்ச வேண்டும் என்றும் இருந்தது.

அந்த அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். கட்டுப் போடும்போதெல்லாம் புண்ணைப் பற்றிய கதைதான், வேறு எதுவும் பேசவில்லை என்று வீட்டில் வந்து சொன்னார். "கோவமா இருக்காங்களோ என்னவோ" என்றார்.

சிங்கப்பூர்க்காரர்கள் கொடுத்த தவணைக்கு முந்தைய நாள் கட்டு மாற்றும் நாளாக அமைந்தது. காலையிலேயே மழை. வந்தவர்களின் குடைகளெல்லாம் வாசலில் குவிந்து கிடந்தன. அந்த அம்மா சீட்டை எடுத்துக்கொண்டு எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தார், மழைத் தண்ணீர் படாமலிருக்க. அண்ணி சொல்லிக் கொடுத்த மாதிரியே. எனக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டுப் பாட்டிலை எடுத்தார். குடிக்கும் முன்பே திரையில் அவர் எண் வந்துவிட்டது. மூன்றாவது அறை.

பக்கத்தில் இருந்த பெண் வழக்கம்போலத் தன் சீட்டை நீட்டினாள். அந்த அம்மா வாங்கவில்லை. பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

முதல் அறையைத் தாண்டித்தான் மூன்றாவது அறைக்குப் போக வேண்டும். ஒருவரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்த அண்ணி, அந்த அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, எங்க போறீங்க? செத்த நேரம் உக்காருங்க, இன்னும் ஒருத்தர்தான், அப்புறம் நானே வந்து கூப்பிடறேன்."

"நம்பர் கூப்பிட்டுட்டாங்கல்ல மிஸி."

"அது பரவால்லம்மா. எப்பவும் போல மாத்திக்கிட்டு உக்காருங்க."

"வேணாம்மா." அந்த அம்மா சுவரில் கை ஊன்றி நின்றார். "நீ போனப்புறம் அந்த ரூமுக்குத்தானே நான் போவணும். இப்பவே போயி பழகிக்கறேன். அந்தப் புள்ள எதுனா தப்பா கட்டுனாலும், நீ பக்கத்துல இருக்கறப்பவே தெரிஞ்சுரும் பாரு."

"நான் போறேன்னு யாருகிட்டயும் சொல்லலையே?"

"சொல்ல மாட்ட. எங் காலைச் சாக்கு வச்சுக்கிட்டு உக்காந்திருக்க. எனக்குத் தெரியாதா? இந்தக் கால் இப்படித்தான் ஆறும், பொளக்கும். போயி படிம்மா."

அவர் அண்ணியின் கையைத் தொடவில்லை, அழவில்லை. காலை இழுத்து இழுத்து இரண்டாவது அறையைத் தாண்டிப் போனார். மூன்றாவது அறைக்காரப் பெண் கதவைத் திறந்து, "மாரி, மக்சிக்", அதாவது வாங்கம்மா, என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டாள். கதவு சாத்தும் முன்பு அந்த அம்மாவின் குரல் மலாயில் சத்தமாகக் கேட்டது. ராத்திரி எப்படி இருக்கிறது, விடியக்காலம் எப்படி இருக்கிறது என்று, தனக்குத் தெரிந்த மலாய்ச் சொற்களையெல்லாம் ஒன்றோடொன்று முட்டுக் கொடுத்து, ஆரம்பத்திலிருந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணி கதவைப் பிடித்தபடியே நின்றார். அடுத்த ஆள் எழுந்து வந்து எதிரில் நின்றதும்தான் நகர்ந்தார். என் மடியில் டேப்லெட் அணைந்து போயிருந்தது. தட்டி எழுப்பி, அந்த அம்மா காத்திருந்த நேரத்தைப் பதிவு செய்தேன். அவர் பெயரில் நான் போட்டதிலேயே மிகக் குறைந்த நேரம் அது. எங்கள் ஆய்வின் கணக்குப்படி ஒரு நல்ல செய்தி. எழுத்துகள் கலங்கித் தெரிந்ததால் இரண்டு முறை சரிபார்த்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணி ஒரு லோரியையும் திட்டவில்லை. அண்ணன் அன்று சீக்கிரமே வந்திருந்தான். அண்ணி பையைக்கூட இறக்கி வைக்காமல், "வரேன்னு எழுதிடுங்க" என்று அவனிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அழுகை கேட்டது. எத்தனையோ நாளாக இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த அண்ணன், போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே நின்றான். எழுதவில்லை. அண்ணி அழுது முடிக்கட்டும் என்று நின்றுகொண்டே இருந்தான்.